வீட்டில் ஒரு தீவு விருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெப்பமண்டலத் தீவு மாதிரி வீட்டிலேயே ஒரு பார்ட்டி வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நானும் பல தடவை வைத்திருக்கிறேன், சிலது அருமையாக அமைந்தது, சிலது சொதப்பியது, இரண்டிலிருந்தும் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? கடைக்குப் போய் அலங்காரச் சாமான் வாங்குவதா?

இல்லை, அது கடைசி வேலை. முதலில் எந்தத் தீவு என்று முடிவு செய்யுங்கள். "வெப்பமண்டலத் தீவு" என்று ஒரு இடம் உலகத்தில் கிடையாது. ஹவாய், டஹிட்டி, சமோவா எல்லாம் பசிபிக் கடலில் இருக்கின்றன. ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ், போர்ட்டோ ரிக்கோ எல்லாம் கரீபியனில். இரண்டுக்கும் நடுவில் அமெரிக்கக் கண்டமே குறுக்கே கிடக்கிறது. சாப்பாடு வேறு, இசை வேறு, அங்கே வாழ்கிறவர்களின் வரலாறும் வேறு. இரண்டையும் கலந்து வைத்தால் அது எந்தத் தீவாகவும் இருக்காது, பொம்மைக்கடை மாதிரி ஆகிவிடும்.

ஒரு கடலை எடுத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் தானாக விழும். ஹவாய் என்றால் பாய் விரித்து உட்காரும் விருந்து, யுகுலேலி என்ற சின்னக் கித்தார், பூமாலை, தேங்காய்ப்பால் இனிப்பு. கரீபியன் என்றால் ஸ்டீல்பான் வாத்தியம், கலிப்ஸோ பாட்டு, மசாலா தடவிச் சுட்ட ஜெர்க் கோழி, பெரிய கிண்ணத்தில் பஞ்ச் என்ற கலவைப் பானம். நான் பெரும்பாலும் ஹவாய் பக்கம் சாய்கிறவன், அதனால் இங்கே அதுதான் அதிகம் வரும்.

லுவாவ், லுவாவ் என்கிறார்களே, அது என்ன?

ஹவாய் மக்களின் விருந்து. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் விருந்தை எப்படி அமைப்பது என்பதே தெளிவாகிவிடும்.

பழைய ஹவாயில் கபு என்ற விலக்குமுறை இருந்தது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. பன்றி இறைச்சி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகைகள் பெண்களுக்குத் தடை. மீறினால் மரண தண்டனைகூட உண்டு. 1819-இல் மன்னர் முதலாம் கமேஹமேஹா இறந்த பிறகு பட்டத்துக்கு வந்த அவர் மகன் லிஹோலிஹோ, அதாவது இரண்டாம் கமேஹமேஹா, ஒரு விருந்தில் எழுந்து போய்ப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அவ்வளவுதான், அந்த ஒரு பந்தியோடு அந்தப் பழைய விலக்குமுறை சரியத் தொடங்கியது. அதற்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து உண்ணும் விருந்துகளுக்கு, அங்கே பரிமாறப்பட்ட ஒரு பதார்த்தத்தின் பெயரே நிலைத்துவிட்டது. லுவாவ் என்றால் சேம்பின் இளம் இலை. அந்த இலையைத் தேங்காய்ப்பாலில் கோழியோடோ கணவாயோடோ வேகவைத்த பதார்த்தமும் அதே பெயர்தான்.

ஆக, தீவு விருந்தின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், எல்லோரும் ஒரே பாயில் உட்காருவதில் இருக்கிறது. யாரும் தனியாக ஒதுக்கப்படக் கூடாது, விருந்து வைக்கிறவரும் சேர்த்துத்தான். பிளாஸ்டிக் தென்னை மரம் இல்லாமல் நடத்தலாம். இது இல்லாமல் நடத்த முடியாது.

அப்படியென்றால் தரையில்தான் உட்கார வைக்க வேண்டுமா? முட்டி வலி உள்ளவர்கள் வருவார்களே?

தரையில் உட்கார்ந்தால் அழகுதான். ஹவாயில் தாழை ஓலையில் பின்னிய பாயை நீளமாக விரித்து, நடுவில் பச்சை இலைகளைப் பரப்பி, அதன் மேல் உணவை வைத்து, இரு பக்கமும் உட்காருவார்கள். ஆளுக்கு 60 செ.மீ. அகலம் வேண்டும், அதற்குக் குறைந்தால் முழங்கை இடிக்கும். 3 மீட்டர் நீளம் விரித்தால் பக்கத்துக்கு ஐந்து பேர், மொத்தம் பத்து பேர் தாராளமாக உட்காரலாம். நடுவில் உணவுக்கு 50 செ.மீ. விடுங்கள், அதற்கு மேல் போனால் எதிர்ப்பக்கத் தட்டு எட்டாது.

ஆனால் ஒரே ஒருவருக்குத் தரையில் உட்கார முடியாது என்று தெரிந்தாலும் நான் பாய்த் திட்டத்தைக் கைவிட்டுவிடுவேன். ஒருமுறை பெரியவர்கள் இரண்டு பேருக்கு ஓரமாக நாற்காலி போட்டு, மற்றவர்களைப் பாயில் உட்கார வைத்தேன். சாப்பாடு முடியும் வரை அந்த இரண்டு பேரும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார்கள், கீழே சிரிப்பு வந்தபோதெல்லாம் என்ன என்று குனிந்து கேட்க வேண்டியிருந்தது. பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு, எல்லோருக்கும் பாய் அல்லது எல்லோருக்கும் மேசை என்று வைத்துக்கொண்டேன். வழக்கமான சாப்பாட்டு மேசையின் நடுவில் வாழையிலையையும் பெரணி இலையையும் நீளவாக்கில் பரப்பினால் மேசையே பாயாகிவிடும். மேசை போதவில்லை என்றால் இரண்டை ஒட்டிப்போட்டு மேலே ஒரே துணியை விரியுங்கள், நடுக்கோடு தெரியக் கூடாது.

எத்தனை பேரைக் கூப்பிடலாம்?

ஒரே விரிப்பில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை பேர். வீட்டைப் பொறுத்து எட்டிலிருந்து பதினான்கு வரை. முப்பது பேர் என்றால் அது நின்றுகொண்டே சாப்பிடும் பார்ட்டி, தவறில்லை, ஆனால் நான் சொல்வது அதைப் பற்றி அல்ல.

அழைப்பில் என்னென்ன சொல்ல வேண்டும்?

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இருக்கப் போகிறோம், தரையில் அல்லது மேசையில் உட்காருவோம், இருட்டும் நேரத்தில் தொடங்குவோம். பூ, தேங்காய், மீன், கடலை வகை இவற்றில் ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்ற வரியை மறக்காதீர்கள்.

சரி, அலங்காரம்?

வெளிச்சத்தை மாற்றுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். கூரையில் இருக்கும் குழல்விளக்கை அணைத்துவிட்டு, உட்கார்ந்திருப்பவர்களின் கண்மட்டத்துக்குக் கீழே நாலைந்து சின்ன விளக்குகளை வையுங்கள். பல்ப் அட்டையில் 2700K என்று போட்டிருக்கும் மஞ்சள் வெளிச்சம்தான் வேண்டும். சூரியன் மறைகிற நேரத்தில் வெளிச்சம் தாழ்வாகவும் பொன்னிறமாகவும் பக்கவாட்டிலிருந்தும் வரும், அதை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. கடல் என்று நினைத்து நீல விளக்கு போடாதீர்கள். நீல வெளிச்சத்தில் சாப்பாடு பழசு மாதிரி தெரியும், முகங்கள் உடம்பு சரியில்லாத மாதிரி தெரியும்.

அடுத்தது காற்று. இரண்டு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் மின்விசிறியை மெதுவாகச் சுவரைப் பார்த்து ஓடவிடுங்கள், இலைகள் லேசாக அசைந்தால் போதும். அப்புறம் மணம். அன்னாசித் தோலையும் ஒரு பட்டைத் துண்டையும் தண்ணீரில் போட்டு அடுப்பில் சிறு தீயில் வைத்தால், கதவைத் திறந்து உள்ளே வருகிறவர் ஒரு நொடி நின்று மூச்சை இழுத்துக்கொள்வார். வாசனை மெழுகுவர்த்தி சாப்பாட்டு வாசனையோடு சண்டை போடும், அதனால் வேண்டாம்.

இலைகள் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. வாழை, பனை, மான்ஸ்டெரா, எது கிடைக்கிறதோ அது. ஒரு வாளித் தண்ணீரில் காம்பை நிறுத்தி வைத்து, விருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு எடுத்துத் துடைத்துப் பரப்புங்கள். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி ஐந்தாறு பூக்களை மிதக்கவிடுங்கள். அவ்வளவு போதும். பிளாஸ்டிக் மாலை, ஊதும் கிளி, தாள் அன்னாசி எல்லாம் மறுநாள் குப்பைக்குப் போகிறவை, கடலில் போய்ச் சேரக்கூடியவையும்கூட. தீவைக் கொண்டாடும் விருந்தில் அதைச் செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

உள்ளே மணல் கொட்டலாமா?

வேண்டாம். தரையில் கீறல் விழும், கழுவினால் குழாய் அடைக்கும், மாதக்கணக்கில் காலில் நறநறக்கும். கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் மணல் போட்டு உள்ளே விளக்கு வைத்தால் அழகாக இருக்கும்.

தீப்பந்தம், மெழுகுவர்த்தி?

மூங்கில் தீப்பந்தம் திறந்த வெளிக்கு மட்டும். தரையில் ஆழமாக ஊன்றி, மேலேயும் பக்கத்திலேயும் கிளையோ துணியோ கூரையோ இல்லாத இடமாகப் பார்த்து, பக்கத்தில் ஒரு வாளி மணலோடு, ஒருவர் பொறுப்பில். வீட்டுக்குள்ளும் கூரையிட்ட பால்கனியிலும் கண்டிப்பாகக் கூடாது. காய்ந்த ஓலை, மேசை ஓரத்தில் தொங்கவிடும் நார்ப் பாவாடை, க்ரேப் தாள் எல்லாம் நொடியில் பற்றிக்கொள்ளும். உள்ளே பேட்டரி மெழுகுவர்த்தியே போதும், தாழ்ந்த வெளிச்சத்தில் வித்தியாசமே தெரியாது.

டிக்கி முகங்கள் செதுக்கிய கோப்பை, சிலை வாங்கலாமா?

டிக்கி என்பது பசிபிக் தீவுகளில் வாழும் பாலினீசிய மக்களின் செதுக்குருவம். நியூசிலாந்தின் மாவோரி மரபில் முதல் மனிதனுக்கே அந்தப் பெயர். மூதாதையரையும் தெய்வங்களையும் குறிக்கும் உருவங்கள் அவை. நாம் பார்க்கும் "டிக்கி பார்" 1930களில் கலிபோர்னியாவில் பிறந்த ஒரு உணவக பாணி, பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது அல்ல. மை டாய் என்ற புகழ்பெற்ற காக்டெயிலை 1944-இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் உருவாக்கியதாக 'டிரேடர் விக்' என்ற உணவகக்காரரே சொல்லியிருக்கிறார். நான் டிக்கி உருவங்களைத் தவிர்த்துவிடுகிறேன். ஒரு மக்களின் மூதாதையர் முகத்தில் உறிஞ்சுகுழல் செருகிக் குடிக்க எனக்குப் பிடிக்கவில்லை. உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் மரியாதையான இடத்தில் வையுங்கள், சாம்பல் கிண்ணமாக ஆக்காதீர்கள்.

பூமாலை வீட்டிலேயே கட்ட முடியுமா?

முடியும், எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான். ஹவாய் மக்கள் இதை லெய் என்பார்கள். பூ, இலை, விதை, சிப்பி, இறகு எல்லாவற்றிலும் செய்வார்கள். பூவில் செய்வதற்கு ஈழத்தலரி, அதாவது புளூமேரியா, நல்லது. ஆர்க்கிட் இன்னும் நாள்படத் தாங்கும். சுமார் 1 மீட்டர் நீளத்துக்குக் கோக்க வேண்டும், அதற்கு நீளமான ஊசியும் தடித்த பருத்தி நூலும் வேண்டும். புளூமேரியாவைக் காம்புப் பக்கம் கிள்ளினால் பால் வடியும், அந்தப் பால் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். அதனால் பறித்த பூக்களைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்து, பால் நின்ற பிறகு துடைத்துவிட்டுக் கோத்துக்கொள்ளுங்கள். ஊசி பூவின் நடுக்கண் வழியாக நுழைந்து காம்பு வழியாக வெளியே வர வேண்டும். ஒரு பூவின் காம்பு முந்தைய பூவின் வாய்க்குள் செருகி உட்காரும்போது மாலை கயிறு மாதிரி வளையும், இடைவெளி தெரியாது. இறுக்கித் தள்ளினால் இதழ் கறுத்துவிடும், விரல் நுனியால் மெதுவாக நகர்த்துங்கள்.

அன்று காலையிலேயே கட்டி, ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடலாம்.

போடும்போது முன்னும் பின்னும் சமமாகத் தோளில் தொங்கும்படி போட வேண்டும். போட்டவர் முன்னாலேயே கழற்றுவது அங்கே மரியாதைக் குறைவு. கர்ப்பிணிகளுக்கு வட்டமாக முடிந்த மாலையைப் போடாமல், முனை திறந்த மாலையைக் கொடுப்பார்கள். விருந்து முடிந்ததும் குப்பையில் வீசாமல் மரக்கிளையில் தொங்கவிடுவதோ மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பதோ வழக்கம்.

ஒன்று மட்டும் கவனம். அரளி, மஞ்சள் அரளி இரண்டும் கொடிய விஷம். பார்க்க அழகாக இருக்கிறதே என்று உணவுத்தட்டிலோ, பானத்திலோ, பூ மிதக்கும் கிண்ணத்திலோ போட்டுவிடாதீர்கள். சாப்பாட்டைத் தொடும் இடத்தில் சாப்பிடக்கூடிய, மருந்தடிக்காத பூ மட்டும். செம்பருத்தி பாதுகாப்பானது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? குழி தோண்டிப் பன்றி சுட வேண்டுமா?

இமு என்ற மண்ணடுப்பைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். குழி தோண்டி, நெருப்பில் கற்களைப் பழுக்கக் காயவைத்து, வாழைத்தண்டையும் இலைகளையும் பரப்பி, இறைச்சியை வைத்து, மேலே இலையும் ஈரச்சாக்கும் மண்ணும் போட்டு மூடி, மணிக்கணக்கில் விட்டுவிடுவார்கள். ஆவியிலேயே வேகும். வீட்டில் அதன் குணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பன்றியின் தோள்கறியில் கல்லுப்பைத் தேய்த்து, வாழையிலையில் சுற்றி, மூடிய பாத்திரத்தில் 150 டிகிரி ஓவனில் வைத்து, முள்கரண்டியால் தொட்டாலே இழை இழையாகப் பிரியும் வரை விடுங்கள். 2 கிலோ துண்டுக்கு நாலைந்து மணி நேரம் ஆகும். மசாலா எதுவும் வேண்டாம், உப்பும் இலை மணமும்தான் அதன் ருசி. பன்றி சாப்பிடாதவர்களுக்குக் கோழித் தொடை, சைவத்துக்கு இளம் பலாக்காய், இரண்டும் இதே முறையில் நன்றாக வரும். நேரம் மட்டும் குறைவு.

அதோடு வெறும் சோறு, சுட்ட சர்க்கரைவள்ளி, எலுமிச்சை பிழிந்த பப்பாளி, மாம்பழத் துண்டுகள். பச்சை மீனில் செய்யும் போகே ருசியானதுதான், ஆனால் பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே கையாளப்பட்ட மீன் உறுதியாகக் கிடைக்காவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இனிப்புக்கு ஹௌபியா செய்யுங்கள், தேங்காய்ப்பால் அல்வா மாதிரி ஒன்று. 400 மி.லி. கெட்டித் தேங்காய்ப்பால், 200 மி.லி. தண்ணீர், 100 கிராம் சர்க்கரை, 60 கிராம் கார்ன்ஃப்ளார், ஒரு சிட்டிகை உப்பு. மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மற்றதோடு சேர்த்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். முதல் சில நிமிடங்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பிறகு திடீரென்று அடியில் கனக்க ஆரம்பிக்கும். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நிமிடம் கிளறினால்தான் பச்சை மாவு வாசனை போகும். தட்டில் ஊற்றி, நாலு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துச் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு சின்ன இலையில் வையுங்கள். பால் பொருளும் முட்டையும் இல்லாததால் பெரும்பாலும் எல்லோரும் சாப்பிடலாம். முதல் நாளே செய்துவிடலாம் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய நிம்மதி.

சமைத்ததை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெளியில் 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் 1 மணி நேரம்தான் கணக்கு.

அன்னாசி போட்டு ஜெல்லி செய்தேன், உறையவே இல்லை. என்ன தப்பு?

எனக்கும் நடந்தது. முந்தைய நாள் இரவு செய்து வைத்தேன், காலையில் திறந்தால் அப்படியே தண்ணீர், மதியம் வரை காத்திருந்தும் மாற்றமில்லை. பச்சை அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது, அது புரதத்தை அறுத்துப் போடும். ஜெலட்டின் என்பதே புரதம்தான், பிறகு எப்படி உறையும்? பப்பாளி, கிவி பழங்களிலும் இதே மாதிரி நொதிகள் உண்டு. சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும், அதனால் பழத்தைச் சில நிமிடம் கொதிக்கவைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது டின்னில் வருவதைப் பயன்படுத்துங்கள். உறைய வைத்த பழம் உதவாது, குளிர் நொதியைக் கொல்லாது. அகர் அகர் கடற்பாசியிலிருந்து வருவது, புரதம் இல்லை, அதனால் அதில் பச்சை அன்னாசியே உறையும்.

இதே காரணத்தால்தான் அன்னாசிச் சாற்றில் இறைச்சியை இரவு முழுக்க ஊறவைத்தால் குழைந்து போகிறது; ஒரு மணி நேரம் போதும். பாலிலோ தயிரிலோ பச்சை அன்னாசியைக் கலந்து வைத்தால் கசப்பதும் இதனால்தான். தேங்காய்ப்பாலோடு சேர்த்துக்கொள்ளுங்கள், அரைத்தவுடனே பரிமாறுங்கள்.

பானங்களுக்கு என்ன கணக்கு?

முதல் ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு கோப்பை, அதற்குப் பிறகு மணிக்கு ஒன்று. ஐஸ் ஆளுக்கு 1 கிலோ வரை வேண்டும், பாதி பானத்துக்கு, பாதி பாட்டில்களைக் குளிரவைக்க. எந்த விருந்திலும் முதலில் தீர்ந்து போவது ஐஸ்தான், நம்புங்கள்.

கரீபியன் பக்கம் பஞ்சுக்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு, பார்படோஸில் சொல்வது: புளிப்பு ஒன்று, இனிப்பு இரண்டு, வீரியம் மூன்று, மெல்லியது நான்கு. எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, ரம், தண்ணீர் அல்லது பழச்சாறு, மேலே ஜாதிக்காய்த் துருவல். மது இல்லாமல் செய்ய, ரம்முக்குப் பதில் கடுங்காப்பி மாதிரி திடமாகக் காய்ச்சி ஆறவைத்த தேயிலைச் சாற்றை ஊற்றி, பாகைப் பாதியாகக் குறைத்து, பழச்சாற்றால் நிரப்புங்கள். தேயிலையின் துவர்ப்பு இல்லாவிட்டால் வெறும் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இருக்கும். மது உள்ளதும் இல்லாததும் வேறு வேறு கிண்ணத்தில், எழுதி ஒட்டி, தூர தூரமாக இருக்கட்டும். கிண்ணத்தில் சின்ன ஐஸ் கட்டிகளைப் போடாமல், கேக் அச்சில் தண்ணீரும் பழ வில்லைகளும் போட்டு ஒரே பெரிய கட்டியாக உறையவைத்துப் போட்டால் மெதுவாகக் கரையும், பானம் நீர்த்துப் போகாது.

பினா கொலாடா போர்ட்டோ ரிக்கோவுடையது, 1978-இல் அங்கே அதிகாரபூர்வ பானமாகவே அறிவித்தார்கள். மது இல்லாமல் செய்ய அன்னாசிச் சாறு மூன்று பங்கு, தேங்காய் க்ரீம் ஒரு பங்கு, ஐஸுக்குப் பதில் உறைந்த அன்னாசித் துண்டுகள்.

அன்னாசியையே கோப்பையாக்குவது எப்படி? எனக்கு ஒழுகிவிடுகிறது.

அடியில் கத்தி துளைத்திருக்கும். கொண்டையிலிருந்து இரண்டு விரற்கடை கீழே சீவிவிட்டு, கத்தியைப் பழத்தின் உயரத்துக்கு வெளியே வைத்துப் பார்த்து, அடியில் 3 செ.மீ. விடும் அளவுக்குக் கத்தியில் ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் கத்தி இறங்கக் கூடாது. ஓரத்தில் ஒரு விரல் கனம் விட்டு வட்டமாக வெட்டி, நடுவைக் குறுக்கும் நெடுக்கும் கீறி, கரண்டியால் தோண்டி எடுங்கள். காலியான அன்னாசிக் கூட்டை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் பானம் ஐஸ் இல்லாமலே குளிர்ந்திருக்கும்.

தேங்காய் ஓட்டுக் கோப்பை நிற்காமல் உருளும். கயிற்றைச் சுற்றி ஒரு சும்மாடு மாதிரி செய்து அதன் மேல் உட்கார வையுங்கள்.

பானத்திலிருந்து புகை வருகிற மாதிரி டிரை ஐஸ் போடலாமா?

வீட்டில் வேண்டாம் என்பதே என் பதில். அது உறையவைத்த கரியமில வாயு, மைனஸ் 78 டிகிரி, தொட்டால் தோல் கருகும், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, மூடிய அறையில் கரியமில வாயு நிறைந்துவிடும்.

என்ன பாட்டு போடுவது?

ஹவாய் என்றால் யுகுலேலி. 1879-இல் மடெய்ரா தீவிலிருந்து ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த போர்ச்சுக்கீசியர்கள் கொண்டுவந்த சின்னக் கித்தாரிலிருந்து உருவானது அது. பெயருக்குத் "தாவும் தெள்ளுப்பூச்சி" என்று பொருள் சொல்வார்கள். அதைவிட அமைதியாக வேண்டும் என்றால் ஸ்லாக் கீ கித்தார். தந்திகளைத் தளர்த்தி வேறு சுருதியில் வாசிப்பது, சாப்பிடும் நேரத்துக்கு அதற்கு இணையே இல்லை. கரீபியன் என்றால் டிரினிடாடின் ஸ்டீல்பான், எண்ணெய் பீப்பாயைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்த வாத்தியம். பறை மாதிரித் தோல் மேளங்களை ஆங்கிலேய ஆட்சி தடுத்தபோது மூங்கிலைத் தட்டி, பிறகு தகரத்தைத் தட்டி, கடைசியில் அங்கே வந்து சேர்ந்தார்கள். கேட்கும்போது அந்தப் பிடிவாதமும் சேர்ந்து கேட்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

சாப்பிடும்போது பேச்சுக்குக் கீழே சத்தம் இருக்கட்டும். அலை ஓசைப் பதிவைக் கழிவறையில் மெதுவாக ஓடவிடுங்கள், பாட்டோடு கலக்காதீர்கள்.

ஹூலா ஆடச் சொல்லலாமா?

ஹூலா ஹவாயின் மரபு நடனம், அதில் ஒவ்வொரு கையசைவும் ஒரு சொல், பாடலில் உள்ள மழையும் மலையும் கடலும் கையில் வரும். 1830-இல் பொது இடங்களில் ஆடக் கூடாது என்று தடை போட்டார்கள், 1883-இல் கலாகவா மன்னர் தம் முடிசூட்டு விழாவில் அதை மறுபடி மேடையேற்றினார். அப்படிக் காப்பாற்றப்பட்ட கலையை இடுப்பை ஆட்டும் போட்டியாக ஆக்க வேண்டாம். தெரிந்தவர் யாராவது வந்தால் ஆடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஹவாய்க் கலைஞர்கள் ஆடும் வீடியோ ஒன்றைச் சேர்ந்து பாருங்கள்.

விளையாட்டு வேண்டும் என்றால், கரீபியன் விருந்தில் லிம்போ, பின்னால் வளைந்து கம்புக்கு அடியில் நுழைந்து போகும் ஆட்டம். டிரினிடாடில் இது இறந்தவர் வீட்டு இரவுகளில் ஆடப்பட்டது. கம்பை யாரும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது, தட்டினால் விழும்படி வைத்தால் போதும். ஈரத் தரையில் வேண்டாம்.

உடை?

பூப்போட்ட தளர்வான பருத்திச் சட்டை, வெறுங்கால். பிளாஸ்டிக் புல் பாவாடையும் தேங்காய் மார்க்கச்சையும் வேண்டாம், ஹவாயின் பழைய ஹூலா உடை மரப்பட்டையிலிருந்து செய்த கபா துணிதான்.

குழந்தைகள் இருந்தால்?

அவர்களையும் அதே விரிப்பில் உட்கார வையுங்கள், தனிப் பந்தி வேண்டாம். பூ கோக்கும் வேலையைக் கொடுங்கள், ஆறு வயதுக்கு மேல் என்றால் முனை மழுங்கிய ஊசியில் அழகாகச் செய்வார்கள். காற்றடித்த குளம் வைத்தால் ஒரு பெரியவர் பார்வையை எடுக்காமல் இருக்க வேண்டும், முடிந்ததும் உடனே தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சில செ.மீ. தண்ணீரே கைக்குழந்தைக்கு ஆபத்து.

எல்லா வேலையும் எனக்கே வந்துவிடுகிறது, நான் உட்காரவே முடியவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். விருந்து வைப்பவர் அடுப்படியிலேயே நின்றால் அங்கே ஒருவர் பந்திக்கு வெளியே ஒதுக்கப்பட்டுவிட்டார் என்று அர்த்தம், 1819-இல் எது உடைந்ததோ அதை நாம் திரும்பக் கட்டுகிறோம்.

முதல் நாள்: ஹௌபியா, பாகு, பெரிய ஐஸ் கட்டி, பாட்டு வரிசை. அன்று காலை: பூ கோக்க உட்காருங்கள். மதியம்: இறைச்சியை ஓவனில் தள்ளிவிட்டு, பழம் நறுக்கி மூடி வையுங்கள். நாலு மணிக்கு இலை பரப்பி விளக்கை வைத்துப் பாருங்கள். கடைசி ஒரு மணி நேரத்துக்கு எந்த வேலையும் வைக்காதீர்கள், குளித்து உடை மாற்றத்தான் அது. சூடாகப் பொரிக்க வேண்டிய, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டிய எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் நடுவில் வரட்டும், பரிமாறுவது பக்கத்தில் இருப்பவர் வேலை. வருகிறவர்கள் "ஏதாவது செய்யட்டுமா" என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒருவருக்கு ஐஸ், ஒருவருக்குப் பஞ்ச் கிண்ணம், ஒருவருக்கு வாசலில் மாலை போடும் வேலை.

கடைசி மாலை உங்களுக்கு. அதை நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள், வந்தவர்களில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுக் குனியுங்கள். பிறகு பாயின் ஓரத்தில் இல்லாமல் நடுவில் உட்காருங்கள், அங்கிருந்து எழுந்து போவது கஷ்டம்.